பென் டிரைவில் பாடும் வள்ளி

ஒரு நாடகம் படு மோசமாக இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

எழுந்து போய்விடுவேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். போக மாட்டீர்கள். பக்கத்து சீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று உட்கார்ந்திருப்பீர்கள். பாடுகிறவரின் வாய் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பீர்கள். முடிந்ததும் கை தட்டுவீர்கள். வெளியே வந்து, 'பாவம், ரொம்ப சிரமப்பட்டுப் பண்ணியிருக்காங்க' என்று வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரியிடமோ சொல்வீர்கள். மூன்று மணி நேரம் அடக்கி வைத்த கோபத்தையெல்லாம் வாசலில் இருபது ரூபாய் கூடக் கேட்ட ஆட்டோக்காரரிடம் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவீர்கள்.

நானும் அந்த ஜாதிதான். எத்தனையோ வருஷமாக. ஜவ்வாது மலையில் ஒரு ராத்திரி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

போளூரிலிருந்து மலை ஏறுகிற பஸ் ஜமுனாமரத்தூரில் இறக்கி விடும்போதே குளிர் சட்டைக்குள் புகுந்துவிடும். சாமை விளைகிற மலை. தேன், புளி, பலா என்று சந்தைக்கு வரும். பக்கத்தில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது; 1986-லிருந்து 93 அங்குலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி அங்கே நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் போனது நட்சத்திரம் பார்க்க அல்ல. அந்த ஊர் மைதானத்தில் ஒரு இசை நாடகம். கீழே நகரத்திலிருந்து வந்த குழு. யார் குழு, யார் அழைத்தது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர்கள் மட்டும்தான் குற்றவாளி என்று ஆகிவிடும். அப்படி இல்லை.

நாடகம், 'வள்ளி திருமணம்'. மலைக்காரர்களுக்கு மலைப்பெண்ணின் கதை. யோசித்தவர் நல்ல ஆள்தான். யோசனையோடு நிறுத்திக்கொண்டதுதான் கோளாறு.

ஏழு மணிக்கு என்று சொன்ன நாடகம் ஒன்பதே காலுக்கு ஆரம்பித்தது. நடுவில் நடந்தது பொன்னாடை. ஒருவருக்கு ஒருவர், அப்புறம் அந்த ஒருவருக்கு இன்னொருவர். ஜனங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, பேசாமல் காத்திருந்தார்கள். இரண்டே கால் மணி நேரம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொறுமை இல்லாத கூட்டம் என்று பின்னால் ஒருவர் சொல்லப்போகிறார்.

வள்ளி வந்தாள். தெர்மகோலில் செய்து தங்க பெயின்ட் அடித்த பரண் மேல் ஏறினாள். கவண் சுழற்றி 'ஆலோலம்' என்று கிளி விரட்ட வேண்டிய கட்டம். ஆர்மோனியம் இல்லை. மிருதங்கம் இல்லை. பாட்டு பென் டிரைவிலிருந்து வந்தது. வள்ளி வாயை மட்டும் அசைத்தாள். இரண்டாவது நிமிஷம் பென் டிரைவ் சிக்கிக்கொண்டது. 'ஆலோ... ஆலோ... ஆலோ...'

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வாண்டு ஒன்று கையைக் காதில் வைத்துக்கொண்டு 'ஹலோ, யார் பேசறது?' என்றது. மைதானமே சிரித்தது. அன்றைக்கு ராத்திரி கிடைத்த ஒரே நல்ல வசனம் அதுதான்.

பிறகு யானை. விநாயகர் யானையாக வந்து வள்ளியை மிரட்ட வேண்டும். அதற்கு எல்.இ.டி. திரையில் வீடியோ. எங்கிருந்தோ இறக்கியது. விசிறி மாதிரி காது, வழுக்கிக்கொண்டு இறங்குகிற நெற்றி. ஆப்பிரிக்க யானை! 'இது நம்ம நாட்டு யானை இல்லடா' என்று பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன் தன் தங்கைக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர். ரொம்ப நேரம் வள்ளியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக என்னிடம் குனிந்தார். 'சார், அந்தப் பொண்ணு கவணைப் புடிச்சிருக்கிற புடிக்கு, கல்லு கிளி மேல போவாது. அது மூக்குலதான் அடிக்கும்.'

சாமைக் கொல்லையில் பரண் கட்டி, ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் காவல் காத்த மனுஷன் சொல்கிறார். அவர் முன்னால் கவண் சுழற்றுகிறவர், பகலில் அந்த ஊரில் யாரையாவது ஒருவரைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. என் புகார் அதுதான். அவ்வளவுதான்.

பத்தரைக்குப் பெண்கள் எழுந்தார்கள். பத்தே முக்காலுக்குப் பெரியவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, என்னிடம் மரியாதையாக, 'வரேன் சார்' என்று சொல்லிவிட்டு நடந்தார். கூச்சல் இல்லை. விசில் இல்லை. கல்லெறி இல்லை. பதினோரு மணிக்கு முருகன் வள்ளிக்கு மாலை போட்டபோது மைதானத்தில் நாற்காலிகளும், நானும், நாலைந்து நாய்களும்தான்.

ஏற்பாட்டாளர்களில் ஒருவர் என்னிடம் வந்து வருத்தமாகச் சொன்னார். 'பார்த்தீங்களா? ஜனங்களுக்குப் பொறுமையே இல்ல. ரசனை பத்தல. ரெண்டு குத்துப்பாட்டு வச்சிருந்தா உட்கார்ந்திருப்பாங்க.'

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த வாரக் கட்டுரை.

*

ரசனை இல்லையாம். சரி, மறுநாள் ராத்திரி நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த மலைக்குள்ளேயே ஒரு சின்ன ஊர். பெரியவர்தான் கூட்டிப் போனார். கூத்து. மலைக்காரர்கள் சிலரும் கீழ்நாட்டுக்காரர்கள் சிலரும் சேர்ந்த ஜமா. 'கர்ண மோட்சம்'. இரண்டு டியூப் லைட், ஒரு மைக், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். எல்.இ.டி. எல்லாம் கிடையாது. இரண்டு பேர் பிடித்த ஒரு துணிதான் திரை. அதன் பின்னாலிருந்து கிரீடமும் புஜக்கட்டையும் ஜொலிக்க வேஷம் பாதி தெரிந்து பாதி மறைந்து ஆடியபோது, தூங்கி வழிந்த பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தன.

அங்கே எல்லாம் அற்புதம் என்று கதை விடப்போவதில்லை. கட்டியக்காரன் ஒரே ஜோக்கை இழு இழு என்று இழுத்தான். கொஞ்சம் பச்சையாகவும் போனான். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: 'போதும்பா, கதைக்கு வா.' வந்தான். கர்ணன் வேஷக்காரருக்குத் தொண்டை கட்டியிருந்தது போல. ஒரு பாட்டில் பாதியை விழுங்கிவிட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி விடவில்லை. 'ஏய் கர்ணா, பாட்டை முழுங்காத!' உடனே கட்டியக்காரன், 'ஆயா சொல்றது காதுல வுழுதா மகாராஜா?' என்றான். சிரிப்பு. கர்ணன் பாட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முதல் அடியிலிருந்து மறுபடி எடுத்தார். பின்பாட்டுக்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். பொன்னுருவி கர்ணனின் பிறப்பைச் சொல்லிக் குத்துகிற கட்டம் வந்தபோது விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. அதே குளிர். அதே கம்பளி. அதே ஜனங்கள்தான் சார்.

முதல் நாள் ஒன்றரை மணி நேரம்கூட உட்கார முடியாதவர்கள், மறுநாள் விடியும் வரை உட்கார்ந்தார்கள். இப்போது சொல்லுங்கள், பொறுமை யாருக்கு இல்லை? ரசனை யாருக்குப் பத்தவில்லை?

*

'பழங்கலையைப் பழிக்கலாமா' என்று அடுத்த அம்பு வரும். நான் பழிப்பது பழங்கலையை அல்ல, அந்தப் பெயரில் நடக்கிற மோசடியை. அந்தப் பழங்கலையே எப்படி வளர்ந்தது தெரியுமா? திருப்தியால் அல்ல. அதிருப்தியால்.

பம்மல் சம்பந்த முதலியார் தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்த ஆசாமி. பெல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகக் குழுவைச் சென்னையில் பார்த்தார். இவர்கள் இப்படிச் செய்யும்போது தமிழில் ஏன் கூடாது என்று கொதித்தார். 1891-ல் சுகுண விலாச சபை பிறந்தது. தமிழ் நாடகத்தின் தந்தை என்று இன்று நாம் கும்பிடுகிறவர், முதலில் ஏமாந்துபோன ஒரு ரசிகர்.

சங்கரதாஸ் சுவாமிகள்? வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று எழுதிக் குவித்த மகான். பெரிய நடிகர்களின் ஒழுங்கீனத்தைப் பார்த்து வெறுத்துத்தான் சிறுவர்களை வைத்துக் குழு நடத்தக் கிளம்பினார் என்று நாடக வரலாறு சொல்கிறது. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்கள்தான். 'பாவம், சிரமப்பட்டு நடிக்கிறாங்க' என்று சுவாமிகள் சும்மா இருந்திருந்தால் அவர்கள் கிடைத்திருப்பார்களா?

ஒத்திகை பார்க்காததுதான் பிரச்னையா என்றால் அதுவும் இல்லை. தென் மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருக்கிறீர்களா? ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறு ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் எல்லாம் தனித்தனியாகப் பேசி வரவழைப்பது. பல சமயம் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகையே கிடையாது. ஆனாலும் நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் பொறி பறக்கும். ஏனென்றால் எல்லோருக்கும் பாடம் ஒன்று. சுவாமிகளின் பாட்டும் வசனமும் ரத்தத்தில் ஊறியவை. எதிராளி எங்கே போனாலும் பிடித்துக்கொண்டு போகிற வித்தை கையில் இருக்கிறது. கற்றவன் ஒத்திகை இல்லாமலும் ஜெயிப்பான். கற்காதவனைப் பென் டிரைவ் காப்பாற்றாது.

*

இது ஏதோ மலையூர்ப் பிரச்னை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். சென்னையில் ஏ.சி. அரங்கத்தில், கொழுத்த டிக்கெட்டில், 'பிரமாண்ட இசை நாடகம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு நடப்பவற்றில் பாதி இந்த ரகம்தான். புகை வரும். லேசர் வரும். திரையில் அருவி கொட்டும். பாட்டு மட்டும் ஸ்டுடியோவிலிருந்து வரும். மேடையில் இருப்பவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, பாட்டுக்கு வாங்கவில்லை! அப்போதே தெரியவில்லையா, இரண்டும் வேறு வேறு ஆள் என்று?

'காலம் மாறிப்போச்சு சார், உலகம் பூரா இப்படித்தான்' என்பார்கள். அதுவும் பொய். நியூயார்க்கில் பிராட்வே என்று நாடகத் தெரு. 2003 மார்ச்சில் அங்கே வாத்தியக்காரர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். அரங்கத்துக்கு இத்தனை வாத்தியக்காரர்கள் கட்டாயம் என்கிற எண்ணிக்கையைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் நெருக்கினார்கள். ஸ்டிரைக் வந்தால் கம்ப்யூட்டர் வாசிக்கும், காட்சி நடக்கும் என்று மிரட்டல் வேறு. நடிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மெஷினுக்குப் பாட மாட்டோம் என்று அவர்களும் வெளியே வந்தார்கள். இசை நாடகங்கள் நாலு நாள் இருட்டாகக் கிடந்தன. கடைசியில் பேசி முடித்தார்கள். எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் வாத்தியக்காரர்கள் குழிக்குத் திரும்பினார்கள், மெஷின் திரும்பவில்லை. நம் ஊரில் ஆர்மோனியக்காரரை வீட்டுக்கு அனுப்பியபோது ஒரு நாலு நிமிஷமாவது யாராவது மேடையை விட்டு இறங்கினோமா?

பணம் கொட்டினால் சரியாகிவிடுமா? நம் ஏ.ஆர்.ரகுமானும் பின்லாந்துக் குழு ஒன்றும் சேர்ந்து இசையமைத்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாடகத்தை 2006-ல் டொரான்டோவில் போட்டார்கள். பணம் தண்ணீராக ஓடியது. மூன்றரை மணி நேரம். நீளம், குழப்பம் என்று விமர்சகர்கள் கிழித்தார்கள். மார்ச்சில் ஆரம்பித்தது செப்டம்பரில் மூடப்பட்டது. அந்தக் குழு 'ஜனங்களுக்கு ரசனை இல்லை' என்று அறிக்கை விட்டுக்கொண்டு உட்காரவில்லை. வெட்டினார்கள், சுருக்கினார்கள், 2007-ல் லண்டனில் மறுபடி போட்டார்கள். அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ரசிகன் முகம் சுளித்தான், அவர்கள் திருத்திக்கொண்டார்கள். இவ்வளவுதானே நாம் கேட்பது?

*

கடைசியாக ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருப்பார்கள். 'கலைஞர்கள் ஏழைகள். அவர்களைக் குறை சொல்ல உங்களுக்கு மனசு எப்படி வருது?'

வருகிறது. ஏனென்றால் அவர்களை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு வாயசைத்த அந்தப் பெண்ணை நாடகம் முடிந்து பார்த்தேன். அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. 'எனக்கு நல்லாப் பாட வரும் அண்ணே. வாத்தியத்துக்கு பட்ஜெட் இல்லைன்னுட்டாங்க' என்றது. மைதான நுழைவில் வளைவு, வழி நெடுக ஃப்ளெக்ஸ், மூட்டை மூட்டையாகப் பொன்னாடை, வாடகைக்கு எல்.இ.டி. திரை. அதற்கெல்லாம் பட்ஜெட் இருந்தது. ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் இரண்டு பேர் கூலி, அதற்குத்தான் இல்லை. பாடத் தெரிந்த பெண்ணைப் பொம்மையாக்கி நிறுத்தியது அந்தக் கூட்டமா, கணக்கு போட்ட கனவான்களா? ஏழைக் கலைஞனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற இந்தப் பணக்காரச் சோம்பேறித்தனத்தைத்தான் நான் திட்டுகிறேன்.

நாம் பரிதாபப்பட்டுத் தட்டுகிற ஒவ்வொரு கைதட்டலும் அந்தக் கணக்கருக்குத்தான் போய்ச் சேருகிறது. 'பார்த்தீங்களா, வாத்தியம் இல்லாமலே கை தட்டறாங்க' என்று அடுத்த வருஷம் பாடகியையும் நிறுத்திவிடுவார்.

ஆகவே, நாடகம் போடுகிற புண்ணியவான்களுக்கு நாலு வேண்டுகோள்.

ஒன்று: பாட்டு மேடையில் பாடப்படுகிறதா, ஒலிப்பதிவா என்று அழைப்பிதழிலும் டிக்கெட்டிலும் அச்சடியுங்கள். பால் பாக்கெட்டில்கூட கொழுப்பு எத்தனை சதவீதம் என்று போடுகிறார்கள்.

இரண்டு: ஏழு மணி என்றால் ஏழு மணி. பொன்னாடை நாடகம் முடிந்த பிறகு. யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் பார்க்கட்டும்.

மூன்று: பட்ஜெட் எழுதும்போது முதல் வரியில் வாத்தியக்காரர் கூலி. கடைசி வரியில் ஃப்ளெக்ஸ்.

நான்கு: எந்த ஊரில் போடுகிறீர்களோ அந்த ஊரில் ஒரு மனுஷனிடம் பேசுங்கள். கவணை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்துகொள்ளலாம்.

கீழே இறங்குகிற நாள் காலையில் ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பெரியவரை மறுபடி பார்த்தேன். அந்த ஏற்பாட்டாளர் சொன்னதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

'நல்லா இல்லன்னா எழுந்து போறோம், அதைக் கணக்கு வச்சிக்கினு பேசறாங்க. நல்லா இருந்தா விடியற வரைக்கும் குந்திகினு இருக்கோமே சார், அதை ஏன் யாரும் கணக்கு வச்சிக்கறதில்ல?'

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

அடுத்த முறை ஒரு மோசமான இசை நாடகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, ஆட்டோக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அவர் பேசிய இடத்தில் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கி விடுகிறார். அதே கோபத்தோடு திரும்பி உள்ளே போங்கள். நடத்தியவர் எங்கே என்று கேளுங்கள். முகத்துக்கு நேரே, மரியாதையாக, அந்தப் பெரியவர் மாதிரி, 'நல்லா இல்லீங்க' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.